காசிம் பாயின் ஐஸ் பெட்டி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காசிம் பாய் வைத்திருந்தது சர்பத் கடை. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஊரில் மட்டும் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. வழி கேட்பவர்களுக்கு, "பொண ஐஸ் கடைக்கு எதுத்தாப்பல" என்றுதான் கை காட்டினார்கள்.

நன்னாரி வேரை அவரே பார்த்து வாங்கி, இடித்து, ஊறவைத்து, பாகு காய்ச்சுவார். எலுமிச்சம்பழத்தை விதை விழாமல் பிழிவார். ஒரு சிட்டிகை உப்பும் போடுவார். அந்த சர்பத்தைக் குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்காமல் எழுந்ததில்லை. ஆனால் குடித்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், அவர் குடும்பத்தார், பெங்களூர் பக்கத்து லாரி டிரைவர்கள், விஷயம் தெரியாமல் பஸ்ஸை விட்டு இறங்கிய வெளியூர்க்காரர்கள், இவ்வளவுதான். உள்ளூர்க்காரன் ஒருவன்கூட அந்த பெஞ்சில் உட்கார மாட்டான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் எதிர்க்கடையில் போய் வெந்நீராகக் கிடக்கும் கலர் சோடாவை வாங்கிக் குடிப்பானே தவிர, இங்கே வரமாட்டான்.

இந்தப் பெயர் வந்ததற்கு ஒரே ஒரு நாள்தான் காரணம். 1961 சித்திரையில் காசிம் பாய் சேலத்துக்குப் போனபோது அங்கே ஐஸ் பாக்டரியைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு ஐஸ் பாளங்கள் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்த மனிதருக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சர்பத்தில் இதை உடைத்துப் போட்டால் தர்மபுரியே நம் கடை வாசலில் நிற்கும் என்று கணக்குப் போட்டார். உள்ளே துத்தநாகத் தகடு அடித்த பெரிய மரப்பெட்டி ஒன்று செய்தார். தச்சுப் பட்டறையில் மரத்தூள் வாங்கி நிரப்பினார். சேலம் லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, சாக்கு சுற்றிய இரண்டு பாளங்களை விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கினார். கடையில் மாவிலைத் தோரணம்கூடக் கட்டினார்.

பதினொரு மணிக்குக் கடலை மண்டி நஞ்சப்பன் மாரடைத்துச் செத்துப் போனார்.

நஞ்சப்பனுக்கு ஒரே பையன், பட்டாளத்தில் அஸ்ஸாமில் இருந்தான். தந்தி கிடைத்து அவன் வந்து சேர மூன்று நாளாகும். சித்திரை வெயிலோ அப்படி அடித்தது. என்ன செய்வது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான், பஸ் ஸ்டாண்டு பாய் ஐஸ் இறக்கியிருக்கிறார் என்று சொல்லிவிட்டான். செத்த வீட்டிலிருந்து வந்து வாசலில் நிற்பவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? பெட்டியோடு கொடுத்தார். எப்படி வைப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாததால் அவரே போய் வைத்தார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். கழுத்தின் இரண்டு பக்கம், இரண்டு கக்கம், தொடை இடுக்கு, இந்த இடங்களில் வைத்தால்தான் உடம்பு முழுக்கச் சட்டென்று குளிரும், வயிற்றின் மேல் எவ்வளவு குவித்தாலும் பிரயோசனம் கிடையாது என்றார். காசிம் பாய் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மூன்று நாளும் சேலத்திலிருந்து பாளம் வரவழைத்து மாற்றி மாற்றி வைத்தார். மூன்றாம் நாள் வந்த மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா தூங்கற மாதிரியே இருக்காருங்க" என்றான்.

அந்த ஒரு நல்ல வார்த்தையில் காசிம் பாயின் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் தர்மபுரியிலும் சுற்றுவட்டாரத்திலும் மகனோ மகளோ தூரத்தில் இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால், முதல் ஆள் பறையடிக்கிறவரிடம் ஓடுவான், இரண்டாம் ஆள் காசிம் பாயிடம் ஓடி வருவான். பெட்டியைத் தன் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் தெருவில் போனால், எதிரே வருகிறவர்கள் தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, "யாருங்க பாய்?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். அவர் அரிசி வாங்கப் போய்க்கொண்டிருந்தாலும் இதே கேள்விதான். நோயாளி படுத்திருக்கிற வீட்டுப் பக்கம் அவர் வண்டியை மிதித்தால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பவர்கள் அதை வஹிதாவிடம் கொடுத்தார்கள்.

வஹிதா அவர் மனைவி. நேராகப் பேசுகிறவள்.

"ஏங்க, கல்யாணத்துக்கு நான் மட்டும் போயிட்டு வர்றேன். நீங்க வந்து நின்னா பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளைக்கு மூச்சு வருதான்னு பாக்கறாங்க" என்பாள்.

காசிம் பாய் சிரித்துக்கொள்வார். ஆனால் உள்ளே அது குத்தியது. செத்தவர்களுக்கு ஐஸ் வைப்பதை அவர் கேவலமாக நினைக்கவில்லை. அதைக் காசுக்காக மட்டும் செய்யவும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. உயிரோடிருக்கிற உள்ளூர்க்காரர் ஒருவர், நாலு பேர் பார்க்க, தன் ஐஸ் போட்ட சர்பத்தைக் குடிக்க வேண்டும். ஒரு டம்ளர் போதும். ஆறு வருஷமாக அந்த ஒரு டம்ளர் விற்கவில்லை.

இதற்கு நடுவில் மனதில் தங்கிப்போன சாவு ஒன்று இருந்தது. மண்டியில் மூட்டை தூக்கிய மாது என்கிற ஆள் ஒரு நாள் உச்சி வெயிலில் சுருண்டு விழுந்தான். விழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் இவரைக் கூப்பிட்டார்கள், அதாவது எப்போதும் கூப்பிடுகிற காரியத்துக்கு. கக்கத்தில் ஐஸை வைக்கும்போது உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது. வேர்வை ஒரு சொட்டு இல்லை. வேர்வை நின்றபோதே இதைக் கொண்டுவந்து வைத்திருந்தால் இவன் எழுந்து உட்கார்ந்திருப்பானோ என்று காசிம் பாய்க்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

1965-இல் தர்மபுரி தனி மாவட்டமானது. முதல் பிறந்தநாளை ஓட்டப் பந்தயம் வைத்துக் கொண்டாடுவது என்று ஒரு கமிட்டி முடிவு செய்தது. பிறந்தநாள் அக்டோபரில் வரும், அப்போது மழை தூறும், காற்று ஜிலுஜிலுவென்று இருக்கும். ஆனால் அனுமதி கேட்டு மேலே போன காகிதம் ஏழு மாதம் மேஜை மேஜையாக உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு அடுத்த மே மாதம்தான் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பந்தயத்தைத் தள்ளிப் போட்டால் மறுபடி காகிதம் எழுத வேண்டும். ஆகவே 1967 மே மாதம், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தபோது, தொப்பூரிலிருந்து தர்மபுரி மைதானம் வரை பதினைந்து மைல் ஓட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கமிட்டியில் விளையாட்டு தெரிந்தவர் ஒருவர்தான், பெரியண்ணன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையைப் போலவே கருத்தையும் முறுக்கி வைத்திருந்தவர். பந்தயத்துக்கு நாலு விதி எழுதினார். நாலாவது விதி, ஓடுகிறவர் வழியில் தண்ணீரோ குளிர்பானமோ எதுவும் குடிக்கக் கூடாது, குடித்தால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை என்பது.

காசிம் பாய் அவரைப் போய்ப் பார்த்தார். நல்லம்பள்ளியில் மேஜை போட்டு, ஓடி வருகிறவர்களுக்கு இலவசமாக ஐஸ் சர்பத் கொடுக்கிறேன் என்றார். இதைவிட்டால் தனக்கு இன்னொரு சந்தர்ப்பம் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெயிலில் பதினைந்து மைல் ஓடுகிறவன் பெயரையெல்லாம் பார்க்கமாட்டான், குடித்துவிடுவான். அவன் குடித்துவிட்டு மைதானம் வரை உயிரோடு ஓடியும் வந்துவிட்டால் ஊர் வாய் அடங்கும்.

பெரியண்ணன் மீசையைத் தடவினார். "பாய், நீங்க தொப்பூர் மலையில லாரி ஏறறதப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கறேனுங்க."

"பாதி மேட்டுல என்ஜின் கொதிச்சா டிரைவர் இன்னா பண்றான்? உடனே தண்ணி ஊத்தறானா?"

"இல்லீங்க. ஓரங்கட்டி ஆறவுட்டு அப்பறம் ஊத்துவான்."

"ஏன்?"

"சூட்டோட பச்சத் தண்ணி ஊத்துனா என்ஜின் பிளந்துக்குங்க."

"அவ்வளவுதான் விஷயம். மனுஷனும் என்ஜின்தான்."

"மனுஷன் இரும்பு இல்லீங்களே" என்றார் காசிம் பாய்.

"ஓடறப்ப இரும்புதான்" என்று பெரியண்ணன் பேச்சை முடித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அதுவுமில்லாம, உங்க ஐஸு" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மேடைக்கு மட்டும் பன்னிரண்டு டஜன் கோலி சோடாவும் கலரும் சேலத்திலிருந்து வந்தன. ஈர மணலில் குழி வெட்டிப் புதைத்து வைத்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது கமிட்டிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் பரிசு ஒரு பெரிய எவர்சில்வர் குடம். பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே அதைக் கடைவீதிப் பாத்திரக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சாமான் வாங்க வந்த தீர்த்தம்மாள் அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் நகரவில்லை. அவள் ஒரு மைல் தள்ளியிருக்கிற கிணற்றிலிருந்து மண்குடத்தில் தண்ணீர் எடுக்கிறவள். மழைக்காலத்தில் வழுக்கி ஒன்று, கோடையில் தடுக்கி ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு குடம் உடையும். உடைகிற அன்றைக்கெல்லாம் மாமியார் பேசுகிற பேச்சு தனி. அவள் புருஷன் சென்றாயன் இரண்டு ஏக்கர் கேழ்வரகு போடுகிற ஆள். அவிழ்த்துக்கொண்டு ஓடுகிற கன்றுக்குப் பின்னால் ஓடியதைத் தவிர வேறு பந்தயம் அறியாதவன்.

"அந்தக் கொடத்த எடுத்தாந்துரு, உன்ன ஒரு வருசத்துக்கு ஒன்னும் கேக்கமாட்டன்" என்றாள் தீர்த்தம்மாள்.

அவன் பெயர் கொடுத்தான்.

பந்தயம் காலை ஆறு மணிக்கு என்று நோட்டீஸில் இருந்தது. முப்பத்தோரு பேர் ஐந்தரைக்கே தொப்பூரில் வந்து நின்றார்கள். கொடி அசைக்க வேண்டிய பெரியவர் பத்தேகாலுக்கு வந்தார். வந்தவர் சும்மா அசைக்காமல், பொறுமையின் பெருமை பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அத்தனை பேரும் நிழலில்லாத ரோட்டில் வரிசையாக நின்று கேட்டார்கள். பதினொரு மணிக்குக் கொடி அசைந்தது. பெரியவர் காரில் ஏறி, ஓட்டத்தை முடித்துவைக்க தர்மபுரி மேடைக்குப் போனார்.

காசிம் பாய் பெரியண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. விடியற்காலையிலேயே நல்லம்பள்ளிக்கு வண்டியை மிதித்துப் போய், புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டார். பெட்டியைப் பார்த்ததும் ஜனம் கூடிவிட்டது.

"யாருங்க பாய்?" என்றார் ஒருவர், துண்டை எடுத்துக்கொண்டே.

"யாரும் இல்லீங்க. ஓடி வர்றவங்களுக்கு வச்சிருக்கறன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கேட்டவர்கள் முகம் வெளுத்தது. ஓடி வருகிறவர்களில் சாகப் போகிறவனுக்குக் கமிட்டி முன்கூட்டியே ஐஸ் சொல்லி வைத்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் ஊருக்குள் பரவியது. எத்தனை பெட்டி வந்திருக்கிறது என்று ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு மணி சுமாருக்கு முதல் ஆளாக வந்தவன் சென்றாயன். புளியமரத்தடியில் டம்ளரைப் பார்த்ததும் அவன் கால் தானாக இந்தப் பக்கம் திரும்பியது. காசிம் பாய் ஒரு டம்ளரை நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். அதற்குள் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து பெரியண்ணன் குரல், "நாலாவது விதி" என்றது. சென்றாயன் டம்ளரைப் பார்த்தான். குடத்தை நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. ஓடிவிட்டான்.

அடுத்து ஓடி வந்தவர் ஒரு போலீஸ்காரர். காசிம் பாயைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கூடி நிற்கிற ஜனத்தின் முகத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி, வந்துகொண்டிருந்த சேலம் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். மற்றவர்கள் எட்டத்திலேயே பெட்டியை அடையாளம் கண்டுகொண்டு ரோட்டின் அந்த ஓரமாக ஒதுங்கி ஓடினார்கள். ஒரு டம்ளர்கூடப் போகவில்லை.

காசிம் பாய்க்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனது சர்பத்தில் இல்லை. சென்றாயன் பக்கத்தில் வந்து நின்றபோது அவன் நெற்றியைப் பார்த்திருந்தார். காய்ந்து கிடந்தது. பனியனும் காய்ந்திருந்தது. பத்து மைல் ஓடி வந்தவன் மேல் ஒரு சொட்டு வேர்வை இல்லை. மண்டி மாதுவின் நினைப்பு வந்தது. பெஞ்சை அப்படியே போட்டுவிட்டு, பெட்டியையும் சர்பத் சாமான் கூடையையும் ஏற்றி, அவன் போன திசையில் மிதித்தார். ஜனம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. பாய்க்குச் சேதி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அதியமான்கோட்டை தாண்டிய மேட்டில் சென்றாயன் கண்ணில் பட்டான். ரோட்டின் இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சாய்ந்துவிட்டான்.

காசிம் பாய் அவனை நிழலுக்கு இழுத்தார். தொட்ட இடமெல்லாம் சுட்டது. பனியனைக் கிழித்து எறிந்தார். ஐஸை உடைத்துத் துணியில் சுற்றிக் கழுத்தின் இரண்டு பக்கமும் வைத்தார், கக்கத்தில் வைத்தார், தொடை இடுக்கில் வைத்தார். பெட்டிக்குள் உருகிக் கிடந்த தண்ணீரில் கோணியை நனைத்து மேலே போர்த்தினார். பிறகு பெட்டி மூடியைக் கையில் எடுத்து விசிற ஆரம்பித்தார். ஆறு வருஷமாகச் செய்த அதே வேலைதான். ஆனால் இந்தத் தடவை அவர் வாய் சும்மா இருக்கவில்லை, "யா அல்லா, இவன் ஒருத்தன வுட்டுரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. ரோட்டுக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். பார்த்ததும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. பெரியண்ணன் இறங்கவில்லை. கோணி போர்த்திய உருவம், சுற்றிலும் ஐஸ், பக்கத்தில் காசிம் பாய், அழுகிற பெண்கள். தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப ஆச்சு பாய்?"

"இப்பத்தாங்க. கால் மணி இருக்கும். தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு போவல."

"கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும்" என்றார் பெரியண்ணன். பட்டாளத்தில் அவர் பல சாவுகளைப் பார்த்தவர்.

"சீக்கிரம் டாக்டர அனுப்புங்க."

சர்டிபிகேட்டுக்கு டாக்டர் வேண்டும்தான் என்று நினைத்துக்கொண்டு பெரியண்ணன் தலையாட்டினார். ஜீப் தர்மபுரியைப் பார்க்கப் பறந்தது.

மைதானத்தில் நடந்ததை எல்லோரும் பிறகு வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேதியைக் கேட்டதும் மேடை பரபரப்பானது. உயிர் போய்விட்டதா என்று கேட்ட ஒருவருக்கு, "காசிம் பாய் ஐஸ் வச்சிட்டாரு" என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷ மௌனம் என்று அறிவித்து எழுந்து நின்றார்கள். மூன்றாவது சோடாவை அப்போதுதான் உடைத்திருந்த பெரியவர், அதன் காற்று இறங்கிவிடுமே என்ற கவலை முகத்தில் தெரிய, ஒன்றரை நிமிஷத்தில் மௌனத்தை முடித்து இரங்கல் உரையைத் தொடங்கினார். ஓட்டத்தில் உயிர்விட்ட சென்றாயனே முதலாவது என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வெற்றி பெற்றவனை அழைத்து வர நிறுத்தியிருந்த பறைக்காரர்களிடம் சொன்னதும் அவர்கள் அடியை மாற்றிச் சாவு மேளம் பிடித்தார்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாளைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போய், அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த கையைப் பிடித்து விலக்கி, அந்தக் கையில் எவர்சில்வர் குடத்தைக் கொடுத்தார்கள். போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்று சொல்லி இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார்.

மேட்டில் சென்றாயன் முனகினான். காசிம் பாய் விசிறுவதை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். கண்ணுக்கு நேரே காசிம் பாயின் தாடி. தன் மேல் கோணி. கக்கத்தில் ஐஸ்.

"நான் செத்துட்டனா பாய்?" என்று அழுதான்.

"செத்தவங்க யாரும் எங்கிட்ட இதுவரைக்கும் பேசுனதில்ல. நீ பேசற. அப்ப இருக்கறன்னுதான் அர்த்தம்."

அவன் தெளிவாக நாலு வார்த்தை பேசும்வரை பொறுத்திருந்து, பிறகு தூக்கி உட்காரவைத்து, டம்ளரில் சர்பத் ஊற்றி, உப்பு கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, ஐஸ் போட்டு நீட்டினார். சென்றாயன் டம்ளரையே பார்த்தான்.

"இது அந்த ஐஸா?"

"ஒரே பாளந்தான். ஆனா உன் கக்கத்துல வச்சத நான் டம்ளர்ல போடல. குடி. ஒரேயடியா இல்ல, வாய் வாயா."

அவன் ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காசிம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு வருஷமாகக் காத்திருந்த டம்ளர் அது. சாட்சிக்குக் கல் கொட்டுகிற இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள், அவர்களும் ஓடிப் போய்த் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

டாக்டர் வரவில்லை. காசிம் பாய் அவனை வண்டியில் ஐஸ் பெட்டி மேல் உட்காரவைத்து, தலையில் ஈரக் கோணியைப் போட்டு மூடி மைதானத்துக்கு மிதித்தார். உள்ளே நுழைந்தபோது பெரியவர், "மறைந்தாலும் நம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த வீரன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் எழுந்து நின்றது. மறைந்த வீரன் கோணியை விலக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். பறை நின்றது. பலர் பந்தலுக்கு வெளியே ஓடினார்கள்.

தீர்த்தம்மாள் ஓடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவன் கழுத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. "ஐயோ, சில்லிட்டுப் போச்சே" என்று இன்னும் பெரிதாக அழுதாள்.

"ஏம்மே அழுவற. பசிக்குது எனக்கு" என்றான் சென்றாயன்.

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகக் குடத்தைக் கட்டிக்கொண்டாள்.

மேடையில் கமிட்டி கூடியது. இதுமாதிரி ஒரு சிக்கல் எந்த விதியிலும் இல்லை. கடைசியில் பெரியண்ணன்தான் தெளிவாக இருந்தார். வண்டி பக்கத்தில் வந்து, "சென்றாயா, வழியில எதாச்சும் குடிச்சியா?" என்று கேட்டார்.

"சர்பத் குடிச்சனுங்க."

பெரியண்ணன் மேடைக்குத் திரும்பி விளக்கினார். ஆள் செத்திருந்தால் முதல் பரிசு செல்லும். உயிரோடு இருப்பதால் நாலாவது விதிப்படி ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. ஆகவே குடத்தைத் திருப்பி வாங்க வேண்டும். கமிட்டி இதையும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

"ஏம்மா, அந்தக் கொடத்தக் குடுத்துரு" என்றார் பெரியண்ணன்.

தீர்த்தம்மாள் எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழவுன்னு சொல்லிக் குடுத்தீங்க. எழவு வூட்டுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்கற வழக்கம் எங்கூர்ல இல்லீங்க. உங்கூர்ல இருக்குதா?"

பெரியண்ணன் மீசையைத் தடவினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று மைக்கில் சொல்ல மேடையில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அவள் காசிம் பாய் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எனக்கு ஒரு டம்ளர் குடுங்க. ஐஸ் போட்டு."

காசிம் பாய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். டம்ளரில் விதை விழுந்துவிட்டது. மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் அண்ணாந்து குடித்தாள். டம்ளரின் அடியில் மிச்சமிருந்த ஐஸ் துண்டை வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சத்தம் பந்தலின் மறுகோடி வரை கேட்டது. காசிம் பாய் அழுதார். மறைக்கவும் இல்லை.

இத்தோடு அவர் பெயர் மாறியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் தர்மபுரியை உங்களுக்குத் தெரியாது. பெயர் மாறத்தான் செய்தது, ஆனால் வேறு மாதிரி. காசிம் பாய் ஐஸ் வைத்தால் செத்தவன் எழுந்து உட்காருகிறான் என்று பேச்சுக் கிளம்பியது. அந்த ஐப்பசியில் பெரிய நிலக்காரர் குப்புராஜ் காலமானார். நாலாவது மகன் பம்பாயில் இருந்து வர வேண்டும். வழக்கம்போலக் காசிம் பாய் பெட்டியோடு போய் நின்றார். மூத்த மகன் வாசலுக்கு ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாங்க பாய். அப்பா நிம்மதியா போய்ச் சேந்துட்டாரு. சொத்துப் பத்திரமெல்லாம் எடுத்து வச்சாச்சு. நீங்க போயிட்டு வாங்க."

அப்படியாகச் சாவு வியாபாரமும் படுத்துவிட்டது. சர்பத்தும் ஓடவில்லை. எழுந்து உட்கார வைக்கிற ஐஸை நல்லா இருக்கிறவன் குடித்தால் என்ன ஆகுமோ என்று சந்தேகப்பட்டார்கள். லாரி டிரைவர்கள்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். உள்ளூர்க் கணக்கில் இரண்டே பேர். சென்றாயனும் தீர்த்தம்மாளும் சந்தைக்கு வருகிற நாளெல்லாம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். பதினோரு வருஷம் குடித்தார்கள். பந்தய கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. 1973-இல் நாலாவது விதியைத் திருத்தியது. ஓடுகிறவர் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் துணியை வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது.

1978 மே மாதம் ஒரு காலையில் காசிம் பாய் இறந்துபோனார். பிள்ளைகள் எல்லோரும் உள்ளூரில் இருந்தார்கள். மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள், அவருக்கு ஐஸ் வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. எத்தனையோ வீட்டுச் சாவுக்கு வெயில் பார்க்காமல் வந்து நின்ற மனிதர் என்பதால், வெயில் பார்க்காமல் ஊரே வந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவர் இல்லையே என்று சென்றாயனுக்கு ஆத்திரமாக வந்தது.

அவன் கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தான். முந்தின நாள் அவர் இறக்கிய பாளம் பாதி மிச்சம் இருந்தது. வஹிதா வீட்டிலிருந்து நன்னாரிப் பாகு பாட்டில்களைக் கொடுத்தனுப்பினாள். "அவரு காய்ச்சி வச்சது. கெட்டுப்போறதுக்குள்ள எல்லாரையும் குடிக்கச் சொல்லு" என்றாளாம்.

அடக்கம் முடிந்து ஜனங்கள் தொண்டை வறண்டு திரும்பி வருகிற வழியில், வேப்பமரத்தடியில் தீர்த்தம்மாள் எவர்சில்வர் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்துக்கு வெளியே நீர் கோத்து வழிந்துகொண்டிருந்தது. சென்றாயன் டம்ளர் டம்ளராக மொண்டு கொடுத்தான். வேண்டாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. வாங்கிக் குடித்தார்கள், இன்னொன்று கேட்டார்கள்.

பெரியண்ணன் வந்தார். மீசை வெளுத்து இறங்கியிருந்தது. ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"நல்லா இருக்குதே. ஐஸ் எங்க வாங்குனது?"

"காசிம் அண்ணன் பெட்டி ஐஸுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

பெரியண்ணன் கையிலிருந்த வெறும் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மறுபடி நீட்டினார்.